பங்கு எண் அறுபத்தொன்று

ஏப்ரல் கடைசியில் குளிரூட்டியை நிறுத்துவேன்.
மூன்று நாளில் பனித்தளம் இளகி
சிவப்பும் நீலமுமாய்ச் சாயம் கலங்கி
வடிகாலில் இறங்கிவிடும்.

கர்லிங் கூடத்தின் சாவி என்னிடம்.
பாறாங்கல்லைப் பனிமேல் வழுக்கிவிட்டு
அதற்கு முன்னால் துடைப்பத்தோடு ஓடும் ஆட்டம்.
சஸ்காட்செவனில் எங்கள் குளிர்காலம்
அப்படித்தான் பெருக்கித் தள்ளப்படுகிறது.

கோடையில், முன்பெல்லாம், சட்டிக் கண்காட்சி.
பதினெட்டு ஜூலை நடந்தது.
பிறகு ஒரு ஜனவரியின் பனிக்கனத்தில்
மேற்கூரை உட்கார்ந்துவிட்டது.
கூரையை நிமிர்த்தினோம்.
கண்காட்சியை நிமிர்த்த வேண்டாம் என்று
கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் வெர்லின் தீசன்.
இரண்டாவது கை யாருடையது என்பது
இங்கே தேவையில்லை.
ஆறு கோடை என் தரையில்
மேசை இழுத்த கீறல் ஒன்றுகூட இல்லை.

மார்ச்சில் ஒரிசியா நத்யுக் வந்தாள்,
பூட்ஸில் சேறு,
கையில் கூட்டுறவு வங்கிப் புத்தகம்:
முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது சென்ட்.
"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில்" என்றேன்.
"சட்டி நிறைய இருக்கிறது,
அகப்பைதான் இல்லை" என்றாள்.

அவள் கணக்கு இது:
பங்கு ஒன்று முப்பது டாலர்.
பங்குக்கு ஓர் எண், கடைசி நாள் குலுக்கல்.
எந்தச் சட்டி எந்த எண்ணுக்கோ
அதை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.
காசில்லாதவர் டீசல் தரலாம்,
பைரோகி பிடித்துத் தரலாம்,
இரண்டு பகல் சுமை தூக்கலாம்.
நான் சாவியைத் தந்தேன்.
அதையும் ஒரு பங்கு என்று எழுதிக்கொண்டாள்.

தானியக் கிடங்கிலிருந்து மரத்தட்டுகள் வந்தன.
பள்ளிக்கூடம் கழற்றிப்போட்ட கதவுகள் வந்தன,
ஒன்றில் இன்னும் "சத்தம் போடாதே".
டெல்ஃபின் மூசமின் ஆற்றங்கரை மண்ணில் வனைந்து
புகையில் சுட்ட நாற்பது கலயங்களைக்
குழந்தைகளின் பனிக்கோட்டுகளில் சுற்றி
நூறு கிலோமீட்டர் ஓட்டிவந்தாள்.
கோட்டுகளை உதறினால் மணல்,
ஒற்றைக் கையுறை, பாதி தின்ற மிட்டாய்.
கலயம் ஒன்றும் உடையவில்லை.

வெர்லினும் வந்தான்.
ஒரே ஒரு ஜாடி. தோள் ஒருபக்கம் சரிந்து,
சமையலறை வாசலில் நின்று
வரலாமா என்று கேட்பதுபோல.
எப்போது கற்றுக்கொண்டாய் என்று
யாரும் கேட்கவில்லை.
என்னைப் பார்த்துத் தலையை
அரை அங்குலம் அசைத்தான்.

இரண்டாம் நாள் மதியம் ஆலங்கட்டி மழை.
தகரத்தில் விழுந்த முதல் இடியோசைக்கே
கூடம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.
அந்த ஜனவரியை அறிந்தவர்கள் நாங்கள்.
ஆனால் ஒருவரும் வாசலுக்கு ஓடவில்லை.
அவரவர் பக்கத்திலிருந்த சட்டிகள்மேல்
குனிந்து நின்றார்கள்,
கோழி குஞ்சுகள்மேல் கவிவதைப்போல,
ஏதோ முதுகு கூரையைவிடக் கெட்டி என்பதுபோல.
நானும் ஒரு தேநீர்க் கெண்டிமேல்.
யாருடையது என்று தெரியாது.
மழை விட்டதும் எல்லோருக்கும் வெட்கம்.
பைரோகி சீக்கிரமே தீர்ந்துபோனது.

குலுக்கலில் எனக்கு அறுபத்தொன்று.
ஒரிசியா துண்டுச்சீட்டைப் படித்தாள்,
இருமினாள்,
வெர்லினின் ஜாடியை எடுத்து நீட்டினாள்.
நான் முகம் சுளிக்கவில்லை.
அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் தண்ணீர் ஊற்றினேன்.
ஒழுகியது.
ஊற்றாக இல்லை, அடியில் மயிரிழைக் கீறல்,
நிதானமாக, சொட்டுச் சொட்டாக.

நவம்பரில் புதுப் பனி போட்டேன்.
ஆட்டத்துக்கு முன் தளத்தின்மேல்
துளிகள் தெளிக்க வேண்டும். அவை உறைந்து
மணிமணியாய் எழும்பினால்தான் கல் ஓடும்.
அதற்கென்று முதுகில் மாட்டும் கலன் இருக்கிறது.
நான்காம் தடத்துக்கு மட்டும்
ஜாடியை எடுத்துக்கொண்டு நடந்தேன்,
பின்னோக்கி, யாருமில்லாத காலையில்.

அன்று மாலை அந்தத் தடத்தில் வெர்லின் ஆடினான்.
கல் வழக்கமான உறுமலை விட்டு
வேறொரு ஒலியில் போனது.
குனிந்து கையுறையைக் கழற்றிப்
பனியைத் தடவிப் பார்த்தான்.

"உன் ஜாடி ஒழுகுகிறது" என்றேன்.
"தெரியும்" என்றான்.